மேட்டு மனையும் பள்ளத்து மனையும்

நிலம் தேடிப் போகிறவர்கள் மண்ணைக் கையில் அள்ளி உதிர்த்துப் பார்ப்பார்கள். கிணற்றுக்குள் ஒரு கல்லைப் போட்டுச் சத்தம் கேட்பார்கள். அக்கம்பக்கத்தில் நயமாகப் பேச்சுக் கொடுத்து விசாரிப்பார்கள். இத்தனை செய்தும், அந்த மண் தங்களை வைத்துக் காப்பாற்றுமா என்பது இருபது ஆண்டுகள் அதில் வாழ்ந்த பிறகுதான் தெரியவரும். வைரக்கண்ணுவின் காலத்திலோ அந்த இருபது ஆண்டுகளையும் ஒரே பகற்பொழுதில் வாழ்ந்து பார்த்துவிட வழி பிறந்திருந்தது.

வைரக்கண்ணு வேதாரண்யத்துக்குத் தெற்கே உப்பளத்தில் பிறந்தவன். பாத்தியின் தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய கால் அவனுக்கு. குதிகாலை ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கித்தான் எங்கும் நடப்பான். கடல் மெல்ல மெல்ல உயர்ந்து பாத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. கடைசியில் வீட்டு வாசலையும் கேட்டது. கொடுத்துவிட்டு, மனைவி செண்பகவல்லியோடு மேற்கே புறப்பட்டான். அவர்களுக்குப் பிள்ளையில்லை. மூட்டை முடிச்சுகளோடு ஒரு சாக்கு உப்பும் வந்தது. அது அவர்களுடைய அளத்தில் கடைசியாக வாரிய உப்பு.

அந்த அளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டின் முதல் உப்பை வாரியதும், முதல் கிண்ணம் தங்கள் அடுப்படிக்குப் போகாது. வேறொரு வீட்டுக்குப் போகும். கொடுத்த பிறகுதான் தங்கள் பானையில் போடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அது இயல்பாக இருந்தது.

கடலிடம் ஊரைக் கொடுத்தவர்களுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைச்சரிவுகளில் குடியமர்வு வாரியம் மனைகள் ஒதுக்கியது. தன்னிறைவு மனை என்று பெயர். முதல் அறுவடை வரைக்கும் வாரியம் சோறு போடும்; அதன்பின் அவரவர் வேலிக்குள் விளைவதுதான் சோறு, அவரவர் வேலிக்குள் ஊறுவதுதான் தண்ணீர். முன்னர் அமைத்த குடியிருப்புகள் தண்ணீர்ச் சண்டையில் கலைந்துபோனதால் வாரியம் எடுத்த முடிவு இது. ஒரு வீட்டார் இன்னொரு வீட்டின் படியேறக் கூடாது என்பதல்ல. ஏறவேண்டிய தேவையே வரக்கூடாது என்பதுதான் அவர்களுடைய ஆசை.

ஒருமுறை தேர்ந்தெடுத்த மனையை மாற்ற முடியாது. அதனால்தான் முன்வாழ்வு அறை என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். கணவனும் மனைவியும் அதில் அருகருகே படுத்துக்கொள்ள வேண்டும். அந்த மனையின் மண்ணையும் ஊற்றையும், வரப்போகும் மழையையும் வெயிலையும் அறிந்த இயந்திரம் அவர்களை ஒரே கனவுக்குள் இறக்கிவிடும். உள்ளே இருக்கும்வரை அது கனவென்று தெரியாது, முன் கண்ட கனவும் நினைவிருக்காது; எழும்போது இருபது ஆண்டு நினைவு இருக்கும். தலையில் ஒரு நரை கூடியிருக்காது. ஒரு குடும்பத்துக்கு மூன்று முறை உரிமை.

அறையை இயக்குபவர் முனிரத்தினம். அந்தப் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுபவர். உள்ளே போகும் எல்லாரிடமும் ஒன்றைச் சொல்வார். "அண்ணா, அக்கா, உள்ளார போறது நிலத்தைப் பாக்கறதுக்குங்க. வேற எதையும் வெளியில தூக்கிக்கிட்டு வந்துறாதீங்க."

வைரக்கண்ணு தம்பதிக்கு வந்த மனைகள் இரண்டும் ஒரே சரிவில் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு முள்வேலி. மேலே இருந்தது மேட்டு மனை: சரளைக்கல், கொஞ்சம் செம்மண், ஒரு திறந்த கிணறு. கீழே இருந்தது பள்ளத்து மனை: நல்ல வண்டல், ஆழ்துளைக் கிணறு, சூரியத் தகட்டில் ஓடும் மோட்டார்.

முதலில் மேட்டு மனையில் வாழ்ந்தார்கள். கல் பொறுக்கினார்கள், ராகி விதைத்தார்கள், கிணற்றில் இறைத்தார்கள். ஊற்று சிறியது. வாளி நிறையும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்த நேரமெல்லாம் பேசினார்கள். மூன்றாம் ஆண்டில் ஒரு பெண் பிறந்தாள். பவளம் என்று பெயர் வைத்தார்கள். முன்பல் விழுந்த வயதில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்தக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தாலும் தொப்பி மாதிரித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அப்பனைப் போலவே குதிகாலை ஊன்றி ஊன்றி நடப்பாள். செண்பகவல்லி சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோவாள்.

அதற்கடுத்த ஆண்டுகளில் கிணறு கீழே கீழே போயிற்று. கொண்டுவந்த உப்பும் தீர்ந்தது. ஒருநாள் செண்பகவல்லி பிள்ளையைப் பள்ளத்து மனைக்கு அனுப்பி ஒரு கை உப்புக் கேட்டு வரச் சொன்னாள். போன பிள்ளை, கிண்ணம் தலையில் கவிழ்ந்தபடியே திரும்பி வந்தது. "இல்லேன்னுட்டாங்கம்மா" என்றது. பன்னிரண்டாம் ஆண்டுக் கோடையில் கிணற்றின் அடி வெடித்தது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரமாக அவர்கள் இறங்கிப் போகையில் இயந்திரம் அவர்களை எழுப்பிவிட்டது.

எழுந்ததும் செண்பகவல்லி பக்கத்தில் கையால் துழாவினாள். பிறகுதான் அறையைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

வாரியத்து ஆட்கள் இரண்டாவதாகப் பள்ளத்து மனையைப் பார்க்கச் சொன்னார்கள். அங்கே இருபது ஆண்டும் குறைவில்லாமல் கழிந்தது. மோட்டாரை ஆழத்துக்கு இறக்க இறக்கத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. குதிரில் நெல் இருந்தது. கொட்டிலில் மாடு இருந்தது. இருப்பதைக் காப்பதே பெரிய வேலையாயிற்று. வைரக்கண்ணு மோட்டார்க் கொட்டகையிலேயே பாதி நாள் கிடந்தான். செண்பகவல்லி களஞ்சியத்தை எண்ணிப் பூட்டினாள். இருவரும் பேசிக்கொள்ள வேண்டிய அவசியம் அதிகம் வரவில்லை. பிள்ளையும் வரவில்லை. வாரியத்தின் பலகையில் அந்த மனைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. மேட்டு மனைக்குச் சிவப்பு.

அந்தப் பச்சை விளக்கின் கீழேதான் இப்போது அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் முடிவு சொல்லியாக வேண்டும். அலுவலகத்தின் கண்ணாடிச் சன்னலில் ஒரு மைனா தன் உருவத்தைப் பார்த்து ஆவேசமாகக் கொத்திக்கொண்டிருந்தது. சன்னல் விளிம்பில் யாரோ தூவிய கம்பு அப்படியே கிடந்தது. கண்ணாடிக்குள் இருக்கும் மைனா தின்றுவிடுமோ என்ற பயத்தில் வெளியில் இருந்த மைனா காலையிலிருந்து ஒரு மணியும் தின்னவில்லை.

"மேட்டு மனையவே எடுத்துக்குவோம்" என்றாள் செண்பகவல்லி.

வைரக்கண்ணுவுக்கு இது வரும் என்று தெரியும். கிணறு வற்றும் என்று கண்ணால் கண்டுவிட்டுத் தெரிந்தே போய் விழுவதா என்று அவன் கேட்டான். வற்றட்டும், பன்னிரண்டு ஆண்டு கிடைக்கிறதே என்று அவள் சொன்னாள். அதன் பிறகு என்ன செய்வது என்று அவன் கேட்டான். "நீங்க அவளைத் தோள்ல தூக்கலையா? அந்தக் கனம் உங்களுக்குத் தெரியலையா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

தெரியாமல் என்ன? இடது தோளில் இன்னும் இருந்தது.

முனிரத்தினம் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்தவர். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். அந்தப் பிள்ளை நிலம் தந்த பிள்ளையல்ல என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். இயந்திரத்துக்கு மண் தெரியும், மழை தெரியும், மனிதர்களைத் தெரியாது. படுத்திருக்கும் இருவரின் மனத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அது விதைத்துப் பார்க்கும். மேட்டில் முளைத்தது, பள்ளத்தில் முளைக்கவில்லை, அவ்வளவுதான். மறுபடி போனால் அந்தப் பிள்ளையே வரும் என்றும் சொல்ல முடியாது. உண்மையில் குடியேறினால் எந்தப் பிள்ளையும் வரும் என்றும் சொல்ல முடியாது.

"வந்த பிள்ளையப் பத்திச் சொல்றேன்" என்றாள் செண்பகவல்லி. "கிண்ணத்தைத் தலையில கவுத்துக்கிட்டு நடப்பா. உப்பு கேக்கப் போனப்பவும் அப்படித்தான் போனா. அந்தப் பள்ளத்து வீட்டுப் பாவி, பிள்ள மொகத்தப் பாத்தும் இல்லேன்னானே. அவன் வீட்டுல இல்லாத உப்பா?"

வைரக்கண்ணுவின் கை தன்னாலே நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது.

அவனுக்கு நினைவு வந்தது மேட்டு மனையல்ல, பள்ளத்து மனை. மோட்டார்க் கொட்டகை. வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குனிந்து குழாய் மூட்டைத் திருகிக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு பெண் வந்து நின்றது. வெயில் அதன் பின்னாலிருந்து அடித்ததால் முகம் தெரியவில்லை. தலையில் தொப்பி போல என்னவோ பளபளத்தது. அது ஏதோ கேட்டது. மோட்டார் இரைச்சலில் உப்பு என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. சாக்கில் இருந்த உப்பு இன்னும் எத்தனை ஆண்டுக்கு வர வேண்டுமோ என்று மனம் ஒரு நொடி கணக்குப் போட்டது. "இல்லே, போ" என்று நிமிராமலே சொன்னான். பிறகு ஒரு கோடையில் மேட்டு மனைக்காரர்கள் வேலியோரமாக இறங்கிப் போனதையும் பார்த்தான். எதற்குப் போகிறார்கள் என்று கேட்கவில்லை. விசாரித்தால் உதவி ஏதாவது கேட்பார்களோ என்றிருந்தது.

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். செண்பகவல்லி அப்போது வீட்டுக்குள் இருந்தாள், அவளுக்குத் தெரியாது. வாழாத வாழ்க்கையில் செய்த குற்றத்துக்குச் சாட்சி ஏது? வைரக்கண்ணு மைனாவைப் பார்த்தான். அது இன்னும் கொத்திக்கொண்டிருந்தது.

"செண்பகம்" என்றான். "அந்தப் பாவி நாந்தான்."

பள்ளத்து மனையில் நடந்ததை முழுவதும் சொன்னான். துண்டு, குழாய் மூட்டு, தலையில் பளபளத்தது என்று எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது அவள் அவனைப் பார்க்கவில்லை, முனிரத்தினத்தைப் பார்த்தாள்.

அவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "பக்கத்து மனைக்கும் ஒரு குடும்பம் வேணும்லக்கா. யார் வருவாங்கன்னு இயந்திரத்துக்குத் தெரியாது. அது கையில இருக்கறது உங்க மனசோட அளவு ஒண்ணுதான். மொதல் தடவை உங்க சுபாவத்தையே கீழ ஊத்தி வெச்சுக்கிச்சு. ரெண்டாந்தடவை, நீங்க மேட்டுல வாழ்ந்தது பதிவாகியிருந்ததுங்களே, அதையே மேல போட்டுக்கிச்சு. எல்லாக் குடும்பத்துக்கும் அப்படித்தாங்க பண்றது. யாரும் இந்த அளவுக்கு வேலியத் தாண்டிப் பாக்கறதில்ல."

"அப்ப கெணறு?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"ரெண்டுக்கும் ஒரே ஊத்துங்க. கீழ ஆழமா எறக்குனா மேல வத்தும்."

மேட்டில் வாளி நிறையக் காத்திருந்த இருவரும் பள்ளத்தில் மோட்டாரை இறக்கிய இருவரும் அதே ஆட்கள்தாம். தங்கள் பிள்ளையின் கிணற்றைத் தாங்களே உறிஞ்சிக் குடித்திருக்கிறார்கள். பிள்ளை வேலிக்கு வந்து கேட்டபோது இல்லை என்று திருப்பியும் அனுப்பியிருக்கிறார்கள்.

செண்பகவல்லி அழுவாள் என்று வைரக்கண்ணு நினைத்தான். திட்டினாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"களஞ்சியத்தப் பூட்டுனது நாந்தானே" என்றாள். "உள்ள வந்து நீங்க கேட்டிருந்தாலும் நான் குடுத்திருப்பேனோ என்னமோ." பிறகு முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். "நாங்க மேட்டு மனைய எடுத்தா பள்ளத்துக்கு யாரு வருவாங்க?"

வரிசையில் அடுத்தவர்கள் என்றார். அவர்களுக்கும் இயந்திரம் இதே பச்சை விளக்கைத்தான் காட்டும். மோட்டாரை ஆழமாக இறக்கு என்றுதான் சொல்லும். நல்லவர்களாகவும் இருக்கலாம். நல்லவர்கள்தாம் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்திருக்கிறார்கள் என்பது இப்போது மூவருக்கும் தெரிந்திருந்தது.

"பள்ளத்த நாங்க எடுத்துக்கிட்டு, மோட்டார எறக்காம விட்டா?" என்றாள் செண்பகவல்லி.

முனிரத்தினம் எழுந்துபோய்ப் பலகையில் எதையோ அழுத்தினார். மேட்டு மனையின் விளக்கு பச்சையாயிற்று. பலகையின் கணக்கில் இருபது ஆண்டும் அதன் கிணற்றில் தண்ணீர் நின்றது. பள்ளத்து மனையின் விளக்கு சிவந்தது.

"தன்னிறைவு இல்லைங்குது. கோடையில உங்களுக்கு நெல்லு பத்தாது. இந்த மனைய எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இல்ல. ஆனா எடுத்துட்டு, பின்னால பத்தலன்னு வாரியத்துகிட்ட வர முடியாதுக்கா."

"வாரியத்துகிட்ட ஏன் வரணும்? பக்கத்துல கேட்டுக்குவோம்" என்றாள். பிறகு கணவனைப் பார்த்து, "அவங்க இல்லேன்னா, இல்லேன்னு கேட்டுட்டு வாங்க. நமக்கும் அது எப்படியிருக்கும்னு தெரியணும்ல" என்றாள். அதில் குத்தல் இருந்தது. கூடவே சின்னச் சிரிப்பும் இருந்தது. சிரிப்பு எதிலிருந்து வந்தது என்று வைரக்கண்ணுவுக்குப் புரியவில்லை. ஆனால் தலையில் இருந்த ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

பவளம் பிறந்த மண்ணை விட்டுத்தருகிறாள் என்பது அவனுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது.

முனிரத்தினத்துக்கும் உறைத்திருக்க வேண்டும். இன்னும் ஒரு முறை உரிமை மிச்சமிருப்பதை நினைவூட்டினார். மேட்டு மனையிலேயே ஒரு பகல் போய் வரலாம் என்றார். பிள்ளை வரலாம், வராமலும் போகலாம். இவ்வளவு நாளில் அவர் யாரிடமும் இப்படித் தாமாகச் சொன்னதில்லை.

"போய்ப் பாத்துட்டு வா" என்றான் வைரக்கண்ணு. "நானும் கூட வரேன்."

செண்பகவல்லி எழுந்தாள். அறையின் கதவு வரைக்கும் போனாள். கைப்பிடியில் கை வைத்தாள். உள்ளே இரண்டு கட்டில்கள் வெள்ளை விரிப்போடு இருந்தன. கைப்பிடியைத் திருகாமலே நெடுநேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"உள்ள போனா நான் வெளிய வரமாட்டேங்க" என்றாள்.

சன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். கண்ணாடிக்குள் இருந்த எதிரி மறைந்ததும் வெளியில் இருந்த மைனா தடுமாறிச் சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு கம்பைப் பொறுக்கத் தொடங்கியது.

*

ஆவணி மாதத்தில் பள்ளத்து மனையில் குடிபுகுந்தார்கள். வைரக்கண்ணு செய்த முதல் வேலை, மோட்டாரின் கயிற்றில் ஓரிடத்தில் சிவப்புத் துணி கட்டியது. மேட்டுக் கிணற்றின் அடிமட்டத்துக்கு மோட்டார் இறங்கினால் குழாய் வாயில் வந்து நிற்கும் இடம் அது. அந்தத் துணி குழாய்க்குள் போகக் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டான்.

மேட்டு மனைக்கு வரப்போகிறவர்களைப் பற்றி அவர்கள் மனத்தில் ஒரு சித்திரம் இருந்தது. இளம் தம்பதி, கையில் ஒரு சிறு பெண். அன்றைக்கே வந்து இறங்கியதோ ஐம்பது வயதான ஓர் ஒற்றைப் பெண்மணி. காசிமேட்டில் மீன் விற்றவளாம்; பெயர் ஞானசௌந்தரி. கூடை நிறையக் கோழி. குரல் வேலியைத் தாண்டிப் பள்ளத்தின் மறுகோடி வரை கேட்டது. கல்லைத் திட்டினாள், கோழியைத் திட்டினாள், தன்னை இங்கே கொண்டுவந்து தள்ளிய கடலையும் திட்டினாள்.

செண்பகவல்லி தன் புது வீட்டுப் படியில் கால் வைக்குமுன் உப்புச் சாக்கைப் பிரித்தாள். அலுமினியக் கிண்ணம் ஒன்றில் தலைதட்ட நிரப்பி வைரக்கண்ணுவிடம் கொடுத்தாள். அவன் வேலியோரம் போய் நின்றான்.

ஞானசௌந்தரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இது? சும்மா எவனும் உப்பு குடுக்க மாட்டானே. உனுக்கு இன்னா வோணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. எங்க அளத்துல வழக்கம். மொத உப்பு வேற வீட்டுக்குத்தான் போவும். நீங்க வாங்கிக்கிட்டாத்தான் நாங்க அடுப்பு பத்த வைக்க முடியும்."

"நல்ல வயக்கம்" என்றாள், சந்தேகம் தீராமலே. வாங்கிக்கொண்டு போனாள். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்ததை அவன் கண்டான். மீன் விற்றவளுக்கு உப்பின் தரம் தெரியாதா? அதன்பின் கொஞ்ச நேரத்துக்கு மேட்டிலிருந்து திட்டுச் சத்தமே வரவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அவளே வேலிக்கு வந்தாள். வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லையாம்; வீட்டில் இப்போதைக்கு வேறெதுவும் இல்லையாம்; கோழி முட்டையிட்டால் நாளை பார்க்கலாமாம். இவ்வளவையும் சண்டை போடுகிற குரலில் சொல்லிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள். அதில் அவள் கிணற்றுத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

வைரக்கண்ணு பழைய பழக்கத்தில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தான். உப்புக் கரிக்கிறதா என்று பார்க்கும் நாக்கு அது. கரிக்கவில்லை. இரண்டு மிடறு குடித்துவிட்டுச் செண்பகவல்லியிடம் கொடுத்தான்.

அவள் குடித்தாள். பாதியில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். வாளி நிறையக் காத்திருந்த அந்த நாட்களும், இந்தத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கித் தலைக்கு ஊற்றிய ஒரு சின்ன உடம்பும் அவள் நாக்குக்கு வந்திருக்க வேண்டும்.

"அதே தண்ணிதாங்க" என்றாள்.

மிச்சத்தைக் கீழே கொட்டவில்லை. குடித்து முடித்து, கிண்ணத்தை ஒருமுறை உதறினாள். வேலிக்கு அப்பால் ஞானசௌந்தரி வாயடைத்து நிற்பதையும் பொருட்படுத்தாமல், அதைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி ஊன்றி, அடுப்பு மூட்ட வீட்டுக்குள் போனாள்.